கவசத்தைத் தூக்கிப் பார்த்தவர்: ஜான் ஹென்றி காம்ஸ்டாக்

கரும்பில் தோகை உரிக்கும்போது கணுவை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக ஒரு படை அப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பொட்டு வைத்ததுபோல வட்டங்கள் தெரியும். எலுமிச்சைக் காயில் சிவந்த மச்சம்போல ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் எளிதில் போகாது. அசையாது. காலும் கிடையாது, தலையும் தெரியாது. இதை ஏதோ பூஞ்சாண நோய் என்று நினைத்து, கடையில் பூஞ்சாண மருந்து வாங்கி அடித்துவிட்டு, மறுமாதம் இரண்டு மடங்காகப் பெருகி நிற்பதைப் பார்த்து நொந்து போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை பார்க்கும்போது ஒரு குண்டூசியை எடுத்து, அந்த மச்சத்தின் ஓரத்தில் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். மேல்மூடி தனியாகக் கழன்று வரும். அடியில் மஞ்சளாக, மெத்தென்று, கடுகைவிடச் சிறிய ஒரு பை போன்ற உயிர் இருக்கும். அதுதான் பூச்சி. மேலே இருந்தது அது தனக்குத் தானே கட்டிக்கொண்ட கவசம். அதனால்தான் இதைக் கவசச் செதில் பூச்சி என்கிறோம்.

கவசத்தை நம்பி பூச்சியை அடையாளம் காணக்கூடாது, அடியில் இருக்கும் அந்தப் பையின் வால் முனையைப் பாருங்கள் என்று 140 ஆண்டுகளுக்கு முன்பே விவரமாக எழுதிக் காட்டியவர் அமெரிக்காவின் ஜான் ஹென்றி காம்ஸ்டாக். அவர் பெயர் நம் ஊர்க் கிராமங்களில் அதிகம் அடிபடுவதில்லை. ஆனால் இன்று வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் செதில் படிந்த குச்சியை எந்த முறையில் பார்க்கிறார்களோ, அது அவர் போட்ட தடத்தில் வந்த முறைதான். அவர் வாழ்க்கையும் கேட்க வேண்டிய கதை.

அப்பாவைப் பார்க்காத பிள்ளை

1849 பிப்ரவரி 24. விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று நாடே கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்த வருடம் அது. பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் அப்பாவும் அந்தக் கூட்டத்தோடு கிளம்பிப் போனார். வழியிலேயே, பிளாட் ஆற்றங்கரையில், காலராவில் இறந்து போனார். கைக்குழந்தையோடு இருந்த அம்மாவின் கையில் பண்ணை நிலைக்கவில்லை. கடனில் போய்விட்டது. நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்த கதைதான். ஊர் மட்டும் வேறு.

அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் மாநிலத்தில் இருந்த சொந்தக்காரர்களிடம் போனார். பிறகு உடம்பும் முடியாமல் போகவே, சிறுவன் இந்த வீடு, அந்த வீடு, கொஞ்ச நாள் அனாதை விடுதி என்று அலைந்தான். கடைசியில் லூயிஸ் டர்னர் என்ற கப்பல் தலைவரும் அவர் மனைவி ரெபெக்காவும் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேதான் அவனுக்கு வீடு என்று ஒன்று அமைந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏரிக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள். அமெரிக்காவின் பேரேரிகள் கடல் மாதிரி விரிந்தவை. அதில் பாய்மரக் கப்பல்கள் சரக்கு ஏற்றிப் போகும். 16 வயதில் இவனும் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தான். ஏரி உறையாத மாதங்களில் கப்பல் வேலை, குளிர்காலத்தில் பள்ளிக்கூடம். கையில் காசு சேர்ந்த அளவுக்குப் படிப்பு.

அப்படிச் சேர்த்த காசோடு 1869ல், புதிதாகத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தார். காய்ச்சல் வந்து படுத்துவிட்டதால் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. மறுபடி கப்பல்.

பத்து டாலர் புத்தகம்

1870 ஜூலை மாதம். கப்பல் பஃபலோ துறைமுகத்தில் நின்றபோது காம்ஸ்டாக் ஊருக்குள் ஒரு புத்தகக் கடைக்குப் போனார். அப்போது அவருக்கு ஆசை தாவரங்கள் மேல்தான். பூச்சிகளைப் பற்றி அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. அங்கே கண்ணில் பட்டது ஹாரிஸ் என்பவர் எழுதிய, பயிர்களைத் தாக்கும் பூச்சிகள் பற்றிய படங்களோடு கூடிய பெரிய புத்தகம். விலை 10 டாலர். கப்பல் சமையல்காரனுக்கு அது சின்னத் தொகை இல்லை. கப்பலுக்குத் திரும்பிப் போய், தன் சம்பளத்திலிருந்து பணம் வாங்கி வந்து அதை வாங்கினார்.

பிற்பாடு அந்தப் புத்தகத்தின் உள்ளே, அதை வாங்கிய தேதியையும் விலையையும் எழுதி, அதற்கு முன் பூச்சி இயலைப் பற்றித் தான் தீவிரமாக எண்ணியதே இல்லை என்றும், வாங்கிய நாள்முதல் இதுவே வாழ்நாள் வேலையாக இருக்க வேண்டும் என்று தோன்றியதாகவும் குறித்து வைத்தார். 1870 ஜூலை 2 என்பது அவர் குறித்த தேதி.

மறுபடி கார்னெல் வந்தார். அங்கே பூச்சி இயலுக்குத் தனி ஆசிரியர் கிடையாது. கட்டட வேலை செய்தார், பல்கலைக்கழக மணிக்கூண்டின் மணிகளை ஒலிக்கும் வேலையைப் பார்த்தார். அந்தக் கோபுரத்திலேயே ஓர் அறையில் தங்கினார், அங்கேயே பூச்சி சேகரித்தார். இவருக்குத் தெரிந்ததைப் பார்த்த சக மாணவர்கள், இவரையே எங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள் என்று நிர்வாகத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1872ல் நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. பட்டம் வாங்காத மாணவர், மாணவர்களுக்கு ஆசிரியர்! பட்டம் 1874ல் வந்தது. அதற்குள் அவர் பயிற்றுநராகவே நியமிக்கப்பட்டுவிட்டார்.

1878ல் அன்னா போட்ஸ்ஃபோர்டைத் திருமணம் செய்துகொண்டார். அன்னாவும் கார்னெலில் படித்தவர், நன்றாகப் படம் வரைவார். இந்தப் பெண்மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செதில் பூச்சிக் கதையில் அவர் கைக்கும் பெரிய பங்கு உண்டு.

பழத்தோட்டங்களின் சிக்கல்

1879ல் அமெரிக்க அரசின் வேளாண் துறைக்குத் தலைமைப் பூச்சியியலாளராக காம்ஸ்டாக் வாஷிங்டன் போனார். வயது 30. முதல் வேலை பருத்திப் பூச்சிகள். அந்த அறிக்கையை முடித்ததும் அவர் எடுத்துக்கொண்டது செதில் பூச்சிகளை.

காரணம் இருந்தது. புளோரிடாவில் ஆரஞ்சு போட்டவர்களும், கலிபோர்னியாவில் ஆப்பிள், பேரி, பீச், பிளம் போட்டவர்களும் ஒரே புலம்பலாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். கப்பலிலும் ரயிலிலும் வெளிநாட்டுச் செடிகள் வந்து குவிந்த காலம். அவற்றோடு ஒட்டிக்கொண்டு செதில் பூச்சிகளும் வந்தன. ஒரு தோட்டக்காரர் மண்ணெண்ணெயையும் சோப்பையும் கலக்கி அடித்து எனக்குக் கேட்டது என்பார். பக்கத்துத் தோட்டக்காரர் அதையே அடித்து ஒன்றும் கேட்கவில்லை என்பார். இருவர் தோட்டத்திலும் இருப்பது ஒரே பூச்சியா, வேறு வேறா? யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத பூச்சிக்கு ஒருவர் சொல்லும் அனுபவம் இன்னொருவருக்கு எப்படி உதவும்?

1880ல் காம்ஸ்டாக் புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களையும், கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களையும் நேரில் போய்ப் பார்த்தார். குச்சி குச்சியாக வெட்டிச் சேகரித்தார்.

சிக்கல் என்னவென்று இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் விஷயமே.

கவசச் செதில் பூச்சியின் குஞ்சு பிறந்தவுடன் ஆறு காலோடு நடக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மஞ்சள் தூசி மாதிரி இருக்கும். சில மணி நேரம், அதிகம் போனால் ஓரிரு நாள், மரத்தில் அலைந்து இடம் பார்க்கும். இடம் பிடித்ததும் ஊசி வாயைப் பட்டைக்குள் இறக்கிவிடும். அதோடு சரி. பெண்ணாக இருந்தால் வாழ்நாளில் மறுபடி நகராது. முதல் தோலை உரிக்கும்போது காலும் போய்விடும். உடம்பிலிருந்து மெல்லிய மெழுகு இழைகளைச் சுரந்து, வாயை அச்சாக வைத்துச் சுழன்று சுழன்று மேலே வட்டமாகக் கூரை போடும். உரித்த தோலையும் வீணாக்காது. அதையும் கூரையில் சேர்த்து ஒட்டிவிடும். செதிலின் நடுவிலோ ஓரத்திலோ முலைக்காம்பு மாதிரி ஒரு புடைப்பு தெரிகிறதே, அது உரித்த தோல்தான்.

ஆண் பூச்சியின் செதில் பொதுவாக நீளமாக, சிறியதாக இருக்கும். அதற்குள்ளிருந்து ஒருநாள் இரண்டே இறக்கையோடு ஒரு சின்ன ஈ போன்றது வெளியே வரும். அதற்கு வாய் கிடையாது. இணை சேர்ந்துவிட்டுச் செத்துவிடும்.

ஆக, ஒரே இனத்தில் ஆண் செதில் ஒரு வடிவம், பெண் செதில் ஒரு வடிவம், பாதி வளர்ந்தது ஒரு நிறம், முழுதாக வளர்ந்தது ஒரு நிறம். பட்டையில் இருந்தால் ஒரு மாதிரி, இலையில் இருந்தால் வேறு மாதிரி. நெருக்கமாக மொய்த்திருந்தால் வட்டம் நெளிந்து கோணலாகிவிடும். செதிலின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தால் ஒரே பூச்சிக்கு நாலு பெயர் வைப்போம். நாலு பூச்சியை ஒன்று என்போம். அன்றைக்கு வரை பெரும்பாலும் நடந்தது அதுதான்.

காம்ஸ்டாக் கவசத்தை ஒதுக்கிவிட்டுப் பெண் பூச்சியை எடுத்தார். பொட்டாஷ் காரக் கரைசலில் போட்டுச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் சதையும் கொழுப்பும் கரைந்து, கண்ணாடி போன்ற தோல் மட்டும் மிஞ்சும். அதைக் கண்ணாடித் தகட்டில் பிசின் வைத்து ஒட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். பூச்சியின் பின்பகுதிக் கணுக்கள் எல்லாம் ஒன்றாக இணைந்து ஒரே தகடாக ஆகியிருக்கும். அந்தத் தகட்டின் ஓரத்தைப் பார்த்தால் ரம்பம் மாதிரி இருக்கும். சில இனத்தில் ஒரு ஜோடிப் பல், சிலதில் இரண்டு ஜோடி, சிலதில் மூன்று. பல்லுக்கு இடையில் சீப்பு மாதிரி, முள் மாதிரி நீட்டங்கள். உட்புறத்தில் மெழுகு சுரக்கும் நுண்துளைகள் கொத்துக் கொத்தாக. சில இனத்தில் ஐந்து கொத்து, சிலதில் நாலு, சிலதில் அறவே இல்லை.

எந்த மரத்தில் இருந்து எடுத்தாலும், கவசம் எந்த நிறத்தில் இருந்தாலும், அந்த வால் தகட்டின் அமைப்பு இனத்துக்கு இனம் பெரும்பாலும் மாறாமல் நின்றது. பிரான்சின் சினோரே போன்றவர்கள் இந்த உறுப்புகளை முன்பே கவனித்து எழுதியிருந்தார்கள். ஆனால் இனத்தைப் பிரிக்க இதைத்தான் முதன்மையாக நம்ப வேண்டும் என்று வரிசையாக, இனம் இனமாக, படத்தோடு நிறுவியது காம்ஸ்டாக்.

படத்தை வரைந்தவர் அன்னா. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, பல்லையும் முள்ளையும் துளையையும் எண்ணி எண்ணி வரைய வேண்டும். ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ அது வேறு பூச்சி ஆகிவிடும். அறிக்கை மேல் இருப்பது கணவர் பெயர். படத்தைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை பூச்சியை அடையாளம் கண்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

சான் ஹோசே செதில் பூச்சி

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பள்ளத்தாக்கில், சான் ஹோசே ஊரைச் சுற்றி, மரங்கள் சாம்பல் பூசியதுபோல நிற்பதை காம்ஸ்டாக் பார்த்தார். சுரண்டினால் மஞ்சள் எண்ணெய் கசியும். அவ்வளவும் பூச்சி. ஆப்பிள், பேரிப் பழங்களில் ஒவ்வொரு செதிலைச் சுற்றியும் சிவப்பு வளையம். பழம் விலை போகாது. கிளை நுனியிலிருந்து காய்ந்து, இளமரங்கள் சில ஆண்டுகளில் செத்தே போயின. செதிலின் அளவோ குண்டூசித் தலைதான்.

நுண்ணோக்கியில் பார்த்தபோது இது அதுவரை பெயர் வைக்கப்படாத இனம் என்று தெரிந்தது. அந்நாட்டில் தான் அறிந்த செதில் பூச்சிகளிலேயே இதுதான் மிகக் கொடியது என்று கருதியதால், கொடியது, நாசம் செய்வது என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே பெயராக்கி ஆஸ்பிடியோட்டஸ் பெர்னிசியோசஸ் என்று வைத்தார். 1881ல் வெளியான அறிக்கையில் அந்தப் பெயர் வந்தது. பேரினப் பெயர் பிறகு மாறிவிட்டது. பெர்னிசியோசஸ் என்ற பெயர் மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது. காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள் விவசாயிகளைக் கேட்டால் இந்தப் பூச்சியின் அருமை பெருமைகளை விவரமாகச் சொல்வார்கள்.

அதே அறிக்கையில் அவர் மாணவர் ஹோவர்டு, செதில் பூச்சிகளுக்குள் முட்டையிட்டு அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பற்றித் தனிப் பகுதி எழுதினார். இன்று நாம் பேசும் நன்மை செய்யும் பூச்சிகள் என்ற பேச்சு அப்போதே கூடவே வந்துவிட்டது.

இவ்வளவு செய்தவரை வாஷிங்டன் என்ன செய்தது? 1881ல் ஆட்சி மாறியது. வேளாண் துறைத் தலைமை மாறியது. முன்பு அந்தப் பதவியில் இருந்த ரைலியே மறுபடி அழைக்கப்பட்டார். காம்ஸ்டாக் கார்னெலுக்குத் திரும்பினார். வேலை பாதியில் நிற்கவில்லை. சேகரித்தவற்றை ஆராய்ந்து செதில் பூச்சிகள் பற்றிய இரண்டாவது அறிக்கையை 1883ல் கார்னெலில் இருந்தே வெளியிட்டார். நாற்காலி போனது விவசாயிக்கு நல்லதாகப் போயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது. தலைநகரில் இருந்திருந்தால் அறிக்கைகள் எழுதியிருப்பார். ஊருக்குத் திரும்பியதால் மாணவர்களை உருவாக்கினார்.

நாற்றுப் பண்ணை வழியாக வந்த வினை

அவர் வைத்த பெயருக்கு அடுத்த பத்தாண்டில் வேலை வந்தது. சான் ஹோசே செதில் பூச்சி ராக்கி மலையைத் தாண்டிக் கிழக்கே வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1893ல் வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் ஊரிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு மாதிரி வந்தது. அங்கே இருந்த ஹோவர்டு பார்த்துச் சொன்னார்: அதே பூச்சி. எப்படி வந்தது என்று தேடிப் போனால், கலிபோர்னியாவிலிருந்து பிளம் கன்றுகள் வாங்கிய நியூஜெர்சி நாற்றுப் பண்ணைகளில் போய் முடிந்தது. அந்தப் பண்ணைகள் விற்ற கன்றுகள் வழியாக அதற்குள் பல மாநிலங்களுக்கும் போயிருந்தது.

பெண் பூச்சி நகராது, இறக்கை கிடையாது. பிறகு எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது? நாம்தான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறோம்.

1898ல் ஜெர்மனி அமெரிக்கக் கன்றுகளுக்கும் செதில் படிந்த பழங்களுக்கும் தடை போட்டது. அதே ஆண்டு கனடா இந்த ஒரு பூச்சியின் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் நாற்றுப் பண்ணைகளைச் சோதிக்க அலுவலர்கள் வந்தார்கள். பூச்சி உறுதியானால் கன்றுகளைக் கொளுத்த வேண்டும்.

இங்கேதான் வால் தகட்டின் அருமை தெரியும். ஆப்பிள் மரத்தில் புட்னம் செதில் பூச்சி என்று இன்னொன்று உண்டு. வெறும் கண்ணால் பார்த்தால் சான் ஹோசேக்குத் தம்பி மாதிரி இருக்கும். சேதம் அந்த அளவுக்கு இல்லை. இரண்டையும் குழப்பினால் நல்ல கன்றுகளைக் கொளுத்த வேண்டிவரும், அல்லது கெட்ட கன்றுகள் தப்பிப் போகும். ஒரு பண்ணைக்காரரின் பிழைப்பே அந்த அடையாளத்தில் தொங்கியது. நுண்ணோக்கியில் வைத்தால் தகராறு தீர்ந்துவிடும்: புட்னம் பூச்சியின் வால் தகட்டில் துளைக் கொத்துகள் இருக்கும், சான் ஹோசேயில் இருக்காது.

இந்தப் பூச்சியின் தாயகம் எது என்று தேடி மார்லட் என்ற பூச்சியியலாளர் 1901ல் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கிளம்பினார். வட சீனாதான் என்று கண்டார். சுண்ணாம்பு-கந்தகக் கரைசல் இதற்கு மருந்தாகப் பரவலாக அடிக்கப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் சில தோட்டங்களில் அந்த மருந்து கேட்காமல் போகவே, மெலாண்டர் என்பவர் சோதித்துப் பார்த்து, பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடுமா என்ற கேள்வியை 1914ல் எழுப்பினார். பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்பு என்று இன்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயத்தில் பதிவான முதல் சாட்சி இந்தப் பூச்சிதான்.

தவறாக அடையாளம் கண்டால் என்ன நட்டம் என்பதற்கு இன்னொரு கதையும் உண்டு. அதில் நம் நாடும் வருகிறது. கலிபோர்னியா எலுமிச்சை, ஆரஞ்சில் சிவப்புச் செதில் பூச்சி பெரும் தொல்லை. அதன் உறவுகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். 1937ல் மெக்கென்ஸி என்பவர் வால் தகட்டு நுணுக்கங்களை வைத்து அவற்றைப் பிரித்துக் காட்டினார். அவற்றைத் தாக்கும் ஏஃபைடிஸ் குளவிகளிலும் அதே குழப்பம். ஆசியாவில் இருந்த வேறு வேறு இனங்களை, நம்மிடம் ஏற்கெனவே இருப்பதுதானே என்று நெடுங்காலம் விட்டுவிட்டார்கள். குழப்பம் தீர்ந்த பிறகுதான் 1950களின் பிற்பகுதியில் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து ஏஃபைடிஸ் மெலினஸ் என்ற குளவி கலிபோர்னியா போனது. சிவப்புச் செதில் பூச்சியைக் கட்டுப்படுத்துவதில் அங்கே இன்றும் முன்னணியில் நிற்பது அது.

நம் பக்கம்

கவசச் செதில் பூச்சிகளை இனம் பிரிக்கும் இந்த வேலை நம் பகுதியிலும் நடந்தது. இலங்கையில் எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக அத்தீவின் செதில் பூச்சிகளைப் படங்களோடு வெளியிட்டார். நம் கரும்பில் வரும் செதில் பூச்சிக்கு 1903ல் பெயர் வைத்தவரும் அவரே. கோவையில் டி.வி. ராமகிருஷ்ண அய்யர் தென்னிந்தியச் செதில் பூச்சிகளையும் மாவுப்பூச்சிகளையும் தொகுத்து எழுதினார்.

நுண்ணோக்கி உங்களிடம் இருக்காது. தேவையுமில்லை. வயலில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு.

முதலில் குண்டூசிச் சோதனை. மூடி தனியாகக் கழன்று, அடியில் பூச்சி தனியாக இருந்தால் கவசச் செதில் பூச்சி. மூடி கழலாமல் பூச்சியே பிய்ந்து வந்தால் அது மென் செதில் பூச்சி. அடுத்து, எறும்பு ஏறுகிறதா, இலையில் பிசுபிசுப்பும் கரும்பூஞ்சாணமும் இருக்கிறதா என்று பாருங்கள். மென் செதில், மாவுப்பூச்சி, அசுவினி எல்லாம் தேன் போன்ற கழிவை விடும். அதற்குத்தான் எறும்பு வரும், கருமை படியும். கவசச் செதில் பூச்சி அப்படித் தேன் விடாது. மரம் சுத்தமாக இருக்கிறதே, எறும்புகூட இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

மூடியைத் தூக்கியபோது உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மஞ்சளாகச் சாறோடு இருந்தால் உயிர். காய்ந்து சருகாக இருந்தால் செத்தது. செத்த பூச்சியின் கவசம் மாதக்கணக்கில் மரத்தில் ஒட்டியே இருக்கும். அதைப் பார்த்து மறுபடி மருந்து அடிப்பது காசுக்குக் கேடு. மூடியில் ஊசியால் குத்தியதுபோல வட்டமாக ஓட்டை இருந்தால், ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியே போயிருக்கிறது. கருப்பாகப் பளபளக்கும் சின்னப் பொறிவண்டு தென்னை ஓலையில் சுற்றினால் அது உங்கள் கூலியில்லா வேலைக்காரன். அந்த நேரத்தில் கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால், குஞ்சுகள் நடமாடும் நாளைப் பிடிக்க வேண்டும். கவசம் போட்டபின் தொடு மருந்து உள்ளே போகாது. செதில் உள்ள கிளையில் இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவை, பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மஞ்சள் தூசி மாதிரி குஞ்சுகள் ஒட்டத் தொடங்கினால் அதுதான் நேரம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் பகுதி வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் குச்சியைக் காட்டிக் கேளுங்கள். கரும்பில் தோகை உரிப்பதும், செதில் இல்லாத வயலில் இருந்து விதைக்கரணை எடுப்பதும் எந்த மருந்தையும்விட மேல். சார்லட்ஸ்வில்லுக்குக் கன்று வழியாகப் போனது மாதிரிதான் நம் வயலுக்குக் கரணை வழியாக வருகிறது.

விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு ஒன்று: மாதிரி அனுப்பும்போது செதிலைச் சுரண்டி அனுப்பாதீர்கள். சுரண்டினால் உள்ளே இருக்கும் பூச்சி நசுங்கி, வால் தகடு கிழிந்துவிடும். செதில் ஒட்டியபடியே குச்சியை வெட்டி, காகித உறையில் போட்டு, மரத்தின் பெயர், ஊர், தேதி எழுதி அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

கடைசி ஆண்டுகள்

காம்ஸ்டாக் 1914ல் ஓய்வு பெறும்வரை கார்னெலில் இருந்தார். 1895ல் வந்த அவருடைய பூச்சி இயல் கையேடு அந்நாட்டுக் கல்லூரிகளில் தலைமுறைகளாகப் பாடப் புத்தகம். அதில் மரக்கட்டையில் செதுக்கிய படங்கள் அன்னாவின் கைவண்ணம். நியூயார்க் மாநிலத்தில் விவசாயம் படுத்து, கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்கு ஓடிய நாட்களில், கிராமப் பள்ளிகளில் செடி, பூச்சி, பறவையைக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை கார்னெல் தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தியவர் அன்னா. அதற்காக அவர் 1911ல் எழுதிய கையேடு கணவரின் புத்தகங்களைவிட அதிகமாக விற்றது. இவ்வளவுக்கும் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்க 1920 ஆயிற்று.

1926ல் காம்ஸ்டாக்குக்குப் பக்கவாதம் வந்தது. வாழ்நாளெல்லாம் பாடம் எடுத்தவருக்குப் பேச்சு போய்விட்டது. அன்னாதான் பார்த்துக்கொண்டார். 1930 ஆகஸ்டில் அன்னா முந்திக்கொண்டார். ஏழு மாதம் கழித்து, 1931 மார்ச் 20 அன்று, காம்ஸ்டாக் காலமானார்.

1902ல் ஜப்பானியப் பூச்சியியலாளர் குவானா ஒரு பூச்சிக்கு அவர் பெயரை வைத்தார். அது கவசச் செதில் பூச்சி இல்லை; மல்பெரியிலும் பழமரங்களிலும் வரும் ஒரு மாவுப்பூச்சி. காம்ஸ்டாக் மாவுப்பூச்சி என்றே இன்றும் அதற்குப் பெயர்.